காதுகள் பின்னால் மடியும்போது: குதிரை நலமும் குதிரை நட்பும்

சேணத்தின் வயிற்றுவாரை இழுத்துக் கட்டப் போனாலே அந்தப் பெண் குதிரை காதுகளைப் பின்னால் மடித்துக்கொள்ளும். தலையை வெடுக்கென்று திருப்பிப் பல்லைக் காட்டும். ஒருமுறை என் முழங்கையைக் கவ்வியே விட்டது. லாயத்தில் எல்லோரும் அதைக் 'கோபக்காரி' என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டேன். தினமும் காலையில் கேரட் கொடுத்துப் பிடரியைத் தடவிவிட்டு, எங்களுக்குள் நல்ல ஒட்டுதல் இருப்பதாக நம்பிக்கொண்டும் இருந்தேன். கால்நடை மருத்துவர் வந்து, மூக்கு வழியாகக் குழாய்க் கேமராவை இறக்கி இரைப்பையைப் பார்த்த அன்றுதான் விஷயம் விளங்கியது. இரைப்பையின் மேற்பகுதிச் சுவரெங்கும் புண். அந்த உடம்பின் மேல்தான் நாங்கள் நாள் தவறாமல் வாரை இறுக்கிக்கொண்டிருந்தோம். மாதக்கணக்கில் அது ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. நாங்கள் அதற்குப் பட்டப்பெயர் வைத்திருக்கிறோம்.

குதிரைகளைப் பற்றித் தெரிந்துகொள்ளப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். நமக்குக் குதிரையின் மீது பிரியம் இருப்பது ஒன்று. குதிரை நலமாக இருப்பது வேறொன்று. பிரியம் நம் மனத்தில் இருக்கிறது. நலம் அதன் வயிற்றிலும் குளம்பிலும் தூக்கத்திலும் இருக்கிறது. இரண்டையும் இணைக்க வேண்டுமானால் குதிரையைப் படிக்கத் தெரிய வேண்டும். நம்மைப் படிப்பதில் அது எப்போதோ தேர்ந்துவிட்டது. நாம்தான் பின்தங்கியிருக்கிறோம்.

நலம் என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது?

அடிக்காமல் பட்டினி போடாமல் இருந்தால் போதும் என்பதுதான் வெகுகாலம் விலங்கு நலத்தின் பொருளாக இருந்தது. 1965ஆம் ஆண்டு பிரிட்டனில் பண்ணை விலங்குகளுக்காக அரசு அமைத்த பிராம்பெல் குழு, ஒரு விலங்கு எழுந்து நிற்கவும், படுக்கவும், திரும்பவும், தன் உடலைச் சுத்தம் செய்துகொள்ளவும், கைகால்களை நீட்டவும் இடம் வேண்டும் என்று சொன்னது. இன்று படிக்கும்போது இதைக்கூடச் சொல்ல வேண்டியிருந்ததா என்று தோன்றும். 1979ஆம் ஆண்டில் அது ஐந்து சுதந்திரங்களாக விரிந்தது: பசி தாகத்திலிருந்து விடுதலை, அசௌகரியத்திலிருந்து விடுதலை, வலி காயம் நோயிலிருந்து விடுதலை, இயல்பான நடத்தைக்கு உரிமை, அச்சத்திலிருந்தும் மன உளைச்சலிலிருந்தும் விடுதலை.

இந்தப் பட்டியலில் ஒரு குறை உண்டு. கெட்டது இல்லாமல் இருந்தால் அதுவே நல்லது என்று எண்ண வைக்கிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த டேவிட் மெல்லரும் அவருடைய சக ஆய்வாளரும் 1994ஆம் ஆண்டில் 'ஐந்து களங்கள்' என்ற வேறொரு சட்டகத்தை முன்வைத்தார்கள். உணவு, சூழல், உடல்நலம், நடத்தை ஆகிய நான்கு களங்களும் போய்ச் சேரும் இடம் ஐந்தாவதான மனநிலை என்பது அதன் சாரம். விலங்குக்கு உள்ளுக்குள் எப்படி இருக்கிறது என்பதே முடிவான கேள்வி. 2020ஆம் ஆண்டில் இந்தச் சட்டகத்தைப் புதுப்பித்தபோது, விலங்குடன் பழகும் மனிதர்களின் நடத்தையையும் நடத்தைக் களத்துக்குள் கொண்டுவந்தார்கள். நாம் எப்படிக் கதவைத் திறக்கிறோம், எப்படிக் கயிற்றை மாட்டுகிறோம் என்பதெல்லாம் அதோடு நலக் கணக்கில் சேர்ந்துவிட்டது. நலமும் நட்பும் வேறு வேறு தலைப்புகள் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

வயிற்றிலிருந்து தொடங்குவோம்

குதிரையைப் புரிந்துகொள்ள அதன் கண்ணழகைப் பார்ப்பதைவிட இரைப்பையைப் பார்ப்பது நல்லது. ஐந்நூறு கிலோ எடையுள்ள உடம்பில் இரைப்பையின் கொள்ளளவு ஏறத்தாழ 8 முதல் 15 லிட்டர்தான். நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கென்று அமைந்த உறுப்பு அது. திறந்த வெளியில் விட்டால் ஒரு குதிரை நாளில் 14, 16 மணி நேரம்கூட மேயும், இரவிலும் மேயும்.

இங்கேதான் சிக்கல். நம் இரைப்பை பெரும்பாலும் சாப்பாட்டையொட்டி அமிலம் சுரக்கிறது. குதிரையின் இரைப்பையோ, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இடைவிடாமல் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தை மட்டுப்படுத்துவது எச்சில். ஆனால் எச்சில், மெல்லும்போது மட்டுமே சுரக்கும். புல் வாயில் இல்லையென்றால் மெல்லுதல் இல்லை. மெல்லுதல் இல்லையென்றால் எச்சில் இல்லை. அமிலம் மட்டும் ஊறிக்கொண்டிருக்கும். இரைப்பையின் கீழ்ப்பகுதிக்குப் பாதுகாப்புப் படலம் உண்டு, மேற்பகுதிக்குக் கிடையாது. வெறும் வயிற்றோடு ஓடவிட்டால் அமிலம் அலையடித்து மேற்பகுதியில் தெறிக்கிறது. எங்கள் கோபக்காரிக்கு நேர்ந்தது இதுதான். காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை நன்றாகத் தானியம் வைத்தோம். நடுவில் தொட்டி காலி. மனிதனின் சாப்பாட்டு நேரத்தைக் குதிரையின் மேல் திணித்திருந்தோம், அதுவும் பாசத்தோடு.

அடிப்படைக் கணக்கு எளிது. புல்லும் உலர்புல்லுமாகச் சேர்த்து, ஈரம் கழித்த கணக்கில், உடல் எடையில் குறைந்தது 1.5 சதவீதமாவது ஒரு நாளில் உள்ளே போக வேண்டும். ஐந்நூறு கிலோ குதிரைக்கு ஏழரைக் கிலோ. அதை இரண்டு வேளையாக அள்ளிப் போடாமல், சிறு கண்ணிகள் உள்ள வலைப்பையில் தொங்கவிட்டால் பிய்த்துப் பிய்த்து மணிக்கணக்கில் தின்னும். சேணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி உலர்புல்லை மெல்லவிடுவது சின்னப் பழக்கம்தான். இரைப்பையில் மிதக்கும் அந்தப் புல், அமிலம் மேலே தெறிப்பதைத் தடுக்கிறது. தண்ணீர் வேலையையும் வெயிலையும் பொறுத்து நாளொன்றுக்கு 25 முதல் 50 லிட்டர் வரை வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்திலுள்ள தசை அவ்வளவு இறுக்கமானது. தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் திரும்பி வர வழியில்லை. கோலிக் என்று மருத்துவர்கள் சொல்லும் கடும் வயிற்றுவலி குதிரைகளின் உயிரைக் குடிக்க இதுவும் ஒரு காரணம். முன்காலால் தரையைக் கீறுவது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, சாணம் போடாமல் இருப்பது, இவற்றைக் கண்டால் மறுநாள் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

தனிமை என்னும் நோய்

வயிற்றுக்கு அடுத்தது துணை. குதிரை கூட்டமாக வாழும் இரைவிலங்கு. மற்றொரு குதிரை பக்கத்தில் நின்று காவல் பார்க்கும்போதுதான் அதன் நரம்பு தளர்கிறது. சுத்தமான, காற்றோட்டமான, பளிச்சென்று வெள்ளையடித்த தனி அறையில் அதை அடைத்துவைத்து, நல்ல இடம் கொடுத்துவிட்டோம் என்று நாம் திருப்திப்படுகிறோம். அதன் கணக்கில் அது தனிமைச் சிறை.

நாள் முழுவதும் அடைபட்டு, மெல்லப் புல்லும் உரச ஒரு கழுத்தும் இல்லாத குதிரைகளில் சில, விசித்திரமான செயல்களைத் திரும்பத் திரும்பச் செய்யத் தொடங்கும். கதவு விளிம்பைப் பல்லால் பற்றிக்கொண்டு காற்றை உள்ளிழுக்கும். வாசலில் நின்றபடி உடலை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருக்கும். இவற்றைக் 'கெட்ட பழக்கம்' என்று சொல்லிக் கழுத்தில் இறுக்கமான பட்டை மாட்டித் தடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். புகை வருகிறது என்று புகைபோக்கியை அடைப்பது போன்ற வேலை அது. ஒருமுறை வேரூன்றிவிட்டால், பிறகு நல்ல இடத்துக்கு மாற்றினாலும் இந்தச் செயல்கள் முழுவதுமாக விலகாமல் போகலாம்.

ஆட்டமும் காட்டாமல் அடங்கிப்போகும் குதிரைகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. கழுத்து முதுகின் மட்டத்துக்கு நீண்டிருக்கும். கண் திறந்திருக்கும், ஆனால் எதையும் பார்க்காது. யார் வந்தாலும் காது திரும்பாது. 'சாது, குழந்தைகூட ஏறலாம்' என்று இவற்றை மெச்சுவார்கள். சுற்றுப்புறத்தோடு உறவை முறித்துக்கொண்ட இந்த நிலையை மனிதர்களின் மனச்சோர்வோடு ஒப்பிட்டு ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அமைதி வேறு, கைவிட்டுவிட்ட நிலை வேறு. அமைதியான குதிரையின் காது அடிக்கடி அசையும்.

நடமாட்டம், குளம்பு, பல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளம்பு நம் நகம்போல வளர்ந்துகொண்டே இருக்கும். லாடம் அடிப்பவர் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்துச் செதுக்க வேண்டும். பற்களும் தேயத் தேய வெளியே வந்துகொண்டிருப்பதால் ஓரங்கள் கூராகிக் கன்னத்தைக் குத்தும். ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்த்து அரம் போட வேண்டும். கடிவாளத்துக்கு முரண்டு பிடிக்கும் குதிரையின் வாயைத் திறந்து பார்க்காமலேயே அதன் குணத்தைக் குறை சொல்பவர்கள் உண்டு.

முகத்தில் எழுதியிருப்பது

'குதிரையின் குணம் அறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை' என்று ஒரு பழமொழி இருக்கிறது. குதிரை பொல்லாதது, கொம்பும் இருந்திருந்தால் தாங்காது என்பது பொருள். பழமொழி சொன்னவர் வலியில் இருந்த குதிரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நாய் வலித்தால் ஊளையிடும். குதிரை அப்படிச் செய்யாது. வேட்டையாடப்படும் விலங்குக்குத் தன் பலவீனத்தை வெளிக்காட்டுவது ஆபத்து; எனவே வலியை அடக்கிக்கொண்டு நிற்கும். ஆனால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். 2014ஆம் ஆண்டில் வெளியான குதிரை முகச்சுளிப்பு அளவுகோல் ஆறு அடையாளங்களைக் குறிப்பிடுகிறது. காதுகள் விறைத்துப் பின்னால் திரும்பியிருக்கும். கண் பாதி இடுங்கியிருக்கும். கண்ணுக்கு மேலேயுள்ள எலும்பு விளிம்பு துருத்திக்கொண்டு தெரியும். மெல்லும் தசை இறுகிப் புடைத்திருக்கும். வாய் இறுகி, மோவாய் உருண்டு தெரியும். மூக்குத் துவாரம் விறைத்து, பக்கவாட்டில் பார்த்தால் முகம் தட்டையாகியிருக்கும். சவாரியின்போது தெரியும் வலிக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது: கால்நடை மருத்துவர் சூ டைசன் தொகுத்த 24 நடத்தைகள். அவற்றில் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் அந்தக் குதிரைக்கு எங்கோ வலி இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தப் பட்டியல்களை மனப்பாடம் செய்வதைவிட முக்கியமானது, உங்கள் குதிரையின் சாதாரண முகம் எப்படியிருக்கும் என்று தெரிந்துவைத்திருப்பது. ஓய்வாக நிற்கும் ஆரோக்கியமான குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, மூச்சு 8 முதல் 16 வரை இருக்கும். எங்கள் லாயத்தில் ஒரு பெரியவர் இருந்தார். வாளியைத் தூக்கும் முன் ஒவ்வொரு குதிரையின் எதிரிலும் ஒரு நிமிடம் சும்மா நிற்பார். எதுவும் செய்யமாட்டார். "நேற்றைய முகம்தானா என்று பார்க்கிறேன்" என்பார். சோம்பல் என்று நான் நினைத்தேன். நான் கவனிக்காத எத்தனையோ காய்ச்சலை அவர் அந்த ஒரு நிமிடத்தில் பிடித்திருக்கிறார்.

ஹான்ஸ் உண்மையில் என்ன படித்தது?

இனி மறுபக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஹான்ஸ் என்ற குதிரையை வைத்திருந்தார். ஏழும் ஐந்தும் எத்தனை என்று கேட்டால் குளம்பால் பன்னிரண்டு முறை தட்டும். நாள்காட்டிக் கேள்விக்கும் பதில் சொல்லும். ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது. 1904ஆம் ஆண்டில் ஆராய வந்த குழு, இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டது. பிறகு ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்ற உளவியலாளர் பொறுமையாகச் சோதித்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது ஹான்ஸ் தோற்றது. கேட்பவர் அதன் கண்ணுக்குத் தெரியாதபோதும் தோற்றது. கேள்வி கேட்டவர் குளம்பைப் பார்க்கத் தலையைச் சற்றே குனிகிறார்; சரியான எண் வந்ததும் அவரை அறியாமலே தலை மயிரிழை நிமிர்கிறது. அந்த நிமிர்வைக் கண்டதும் ஹான்ஸ் தட்டுவதை நிறுத்தியது. குட்டு தெரிந்த பிறகு ஃபங்ஸ்ட் தன் தலையசைவை அடக்கிவைக்க முயன்றார், அவராலேயே முடியவில்லை.

ஹான்ஸுக்குக் கணக்குத் தெரியாது என்பதைத்தான் உலகம் நினைவில் வைத்துக்கொண்டது. எனக்கு அதில் மற்றொன்றுதான் பெரிதாகப் படுகிறது: எதிரில் நிற்பவருக்கே தெரியாத அவருடைய உடலசைவை ஒரு குதிரை படித்துவிட்டது. கூட்டத்தில் ஒன்றின் கழுத்துத் தசை இறுகினாலே மற்றவை ஓடத் தயாராகிவிடும் இனம் அது. அந்தக் கூர்மையை நம் மீதும் செலுத்துகிறது.

2009ஆம் ஆண்டில் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. மனிதர்கள் குதிரையை நடத்திக்கொண்டு ஒரு வழியில் சிலமுறை போய் வந்தார்கள். கடைசி முறைக்கு முன்னால் அவர்களிடம், "குதிரை கடந்து போகும்போது ஒரு குடையைத் திடீரென விரிக்கப்போகிறோம்" என்று சொன்னார்கள். குடையை விரிக்கவே இல்லை. ஆனாலும் மனிதரின் இதயத் துடிப்பு ஏறியது. விஷயமே தெரியாத குதிரையின் துடிப்பும் கூடவே ஏறியது. 'குதிரை இன்று ஏனோ மிரள்கிறது' என்று சொல்லும்முன், நாம் எந்தக் குடையை நினைத்துக்கொண்டு வந்தோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டில் 28 குதிரைகளுக்கு மனித முகங்களின் பெரிய புகைப்படங்களைக் காட்டினார்கள். கோபமுகத்தைக் கண்டபோது அவை தலையைத் திருப்பி இடக்கண்ணால் அதிகம் பார்த்தன. இதயத் துடிப்பும் விரைவாக ஏறியது. இடக்கண் காண்பது பெரும்பாலும் மூளையின் வலப்பக்கத்துக்குப் போகிறது. அச்சுறுத்தலை எடைபோடுவது அந்தப் பக்கம். 2018ஆம் ஆண்டில் அதே குழு இன்னும் ஒரு படி போனது. ஒருவரின் கோபமான புகைப்படத்தைப் பார்த்த குதிரை, சில மணி நேரம் கழித்து அதே ஆள் சாதாரண முகத்தோடு நேரில் வந்தபோதும் எச்சரிக்கையாகவே பார்த்தது. காலையில் யாரோடோ சண்டை போட்டுவிட்டு லாயத்துக்குள் நுழைகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம்.

அப்படியானால் அது நம்மை நேசிக்கிறதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. நேர்மையாகச் சொன்னால், நாம் விரும்புகிற அளவுக்கு இல்லை. 2018ஆம் ஆண்டில் வெளியான ஒரு சோதனையில், பழக்கமில்லாத பொருள்களைக் கடந்து குதிரைகளை நடத்திச் செல்லும்போது, சொந்தக்காரர் கூட்டிப்போனாலும் அந்நியர் கூட்டிப்போனாலும் அவற்றின் பதற்றத்தில் வித்தியாசம் தெரியவில்லை. என்னைப் போன்ற பலருக்கு அது கசப்பான செய்தி. ஆனால் அதில் ஓர் ஆறுதலும் இருக்கிறது: குதிரை ஆளின் பெயரைப் பார்த்துப் பழகுவதில்லை, தெளிவாகவும் நிதானமாகவும் நடந்துகொள்ளும் கை யாருடையதாக இருந்தாலும் அதற்குப் போதும்.

அதே சமயம், குதிரை எல்லோரையும் ஒன்றாகப் பார்க்கிறது என்றும் பொருள் இல்லை. தீனிப் பரிசு கொடுத்துப் பழக்கிய குதிரைகள், மாதங்கள் கழித்தும் மனிதர்களை நாடி வந்தன என்று பிரான்சில் நடந்த ஆய்வு 2010ஆம் ஆண்டில் பதிவு செய்தது. யார் வந்தால் நல்லது நடக்கிறது, யார் வந்தால் வாய் வலிக்கிறது என்ற பேரேட்டை அது ஒழுங்காக எழுதிவைக்கிறது. நாம் 'பாசம்' என்று சொல்வதன் பெரும்பகுதி அந்தப் பேரேட்டின் மிச்சத் தொகை. எனக்கு அது குறைந்த விஷயமாகத் தோன்றவில்லை. மனிதர்களுக்குள்ளும் கணக்கு அப்படித்தானே ஓடுகிறது?

அந்தப் பேரேட்டில் எப்படி நல்ல வரவு வைப்பது? முதலில், அணுகும் விதம். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கத்தில் இருப்பதால் ஏறத்தாழ 350 பாகை வரை பார்க்கும். ஆனால் நெற்றிக்கு நேர் எதிரில் மூக்கருகேயும், வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குத் தெரியாது. பின்னாலிருந்து வருபவர் உதை வாங்குவதும், முகத்துக்கு நேரே கையை நீட்டுபவரிடமிருந்து குதிரை தலையை உயர்த்துவதும் இதனால்தான். தோள் பக்கமாக, சற்றுக் கோணலாக, நம் வரவைத் தெரியப்படுத்திக்கொண்டு வர வேண்டும்.

அடுத்தது, தொடுவது. கழுத்தில் பட் பட்டென்று தட்டிக்கொடுப்பது நமக்குப் பாராட்டு. குதிரையின் மொழியில் அப்படியொரு சொல்லே கிடையாது. இரண்டு குதிரைகள் எதிரெதிராக நின்று ஒன்றின் பிடரி வந்து முடிகிற மேட்டை மற்றொன்று பல்லால் கோதிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். 1993ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், அதே இடத்தைக் கையால் சொறிந்துவிட்டபோது குதிரையின் இதயத் துடிப்பு இறங்கியது. வேறு இடத்தில் சொறிந்தபோது இறங்கவில்லை. விரல் நுனியால் அங்கே நன்றாகச் சொறிந்துவிட்டுப் பாருங்கள். மேலுதடு நீண்டு கோணிக்கொள்ளும், கண் சொக்கும். நான் செய்வது ஒன்று உண்டு: பத்து விநாடி சொறிந்துவிட்டுக் கையை எடுத்துவிடுவேன். நெருங்கி வந்து சாய்ந்தால் தொடர்வேன். நகர்ந்தால் விட்டுவிடுவேன். 'வேண்டாம்' என்று சொல்ல இடம் கொடுத்தால்தான் அது 'வேண்டும்' என்பதற்கும் அர்த்தம் இருக்கும்.

பழக்குவதிலும் இதே நிதானம் வேண்டும். பெரும்பாலான குதிரைப் பயிற்சி, அழுத்தம் கொடுத்து, குதிரை சரியாகச் செய்த கணத்தில் அழுத்தத்தை எடுப்பதை நம்பியிருக்கிறது. எடுக்கும் நேரம்தான் பாடம். கயிற்றை இழுத்தோம், குதிரை ஓரடி வைத்தது, நாம் இழுப்பதை நிறுத்தவில்லை என்றால், அடி எடுத்துவைத்ததற்குத் தண்டனை கிடைத்ததாகவே அது படிக்கும். இன்று தடுத்ததை நாளை அனுமதிப்பவர், நேற்றுச் சிரித்ததற்கு இன்று அடிப்பவர், இவர்களிடம் குதிரைக்குப் பயம் மட்டுமே மிஞ்சும்.

குதிரையிடம் கேட்டே முடிவெடுக்க முடியுமா என்று நார்வேயில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த ஆய்வில் 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகளைக் கற்பித்தார்கள். கிடைக்கோடு போட்டது 'போர்வையைப் போர்த்து', செங்குத்துக் கோடு 'போர்வையை எடு', வெறும் பலகை 'இருப்பது இருக்கட்டும்'. இரண்டு வாரத்துக்குள் இருபத்து மூன்றும் கற்றுக்கொண்டன. மழையும் காற்றுமான நாளில் மூக்கால் தொட்டுப் போர்வை கேட்டன. வெயில் நாளில் எடுக்கச் சொன்னன. நமக்குக் குளிர்கிறது என்பதற்காகக் குதிரைக்கு இரண்டு போர்வை சுற்றும் அன்பர்கள் இந்த ஆய்வை இரண்டு முறை படிக்கலாம்.

அன்பு செய்யும் தவறுகள்

கொடுமைக்காரர்களால் குதிரைகள் படும் துன்பம் எல்லோருக்கும் தெரியும். பிரியமானவர்களால் படும் துன்பத்தைப் பற்றிப் பேசுவது குறைவு. அதிகம் ஊட்டுவது அதில் முதலிடம். குதிரையின் உடல்வாகை 1 முதல் 9 வரை மதிப்பிடும் ஹென்னெகே அளவுகோல் 1983ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஐந்தைச் சுற்றி இருப்பது நல்லது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், கைவைத்துத் தடவினால் தட்டுப்பட வேண்டும். எட்டும் ஒன்பதுமாகப் பெருத்த குதிரையைப் பார்த்து 'நல்ல வளர்ப்பு' என்று பெருமைப்படுகிறவர்கள், குளம்பின் உள்ளே அழற்சி கண்டு அது அடியெடுத்து வைக்க முடியாமல் நிற்கும் நாளில்தான் விழித்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு தவறு, விடைகொடுக்க மறுப்பது. முதிர்ந்து, எழவே சிரமப்பட்டு, மருந்துக்கும் வலி அடங்காத குதிரையை 'என்னால் முடியாது' என்று சொல்லிக்கொண்டே பல மாதம் இழுத்தடிப்பதைக் கண்டிருக்கிறேன். அங்கே யாருடைய வலி குறைகிறது என்பது கேட்க வேண்டிய கேள்வி. வலியில்லாத முடிவைக் கால்நடை மருத்துவரோடு முன்கூட்டியே பேசிவைப்பது பராமரிப்பின் ஒரு பகுதி. பிரிந்த பிறகு வரும் துக்கத்தை 'வெறும் குதிரைதானே' என்று தள்ளுபவர்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. கூட இருந்த குதிரைக்கும் அந்த உடலை முகர்ந்து பார்க்க நேரம் கொடுப்பார்கள் அனுபவசாலிகள். முகரும், சிறிது நேரம் நிற்கும், பிறகு தானே விலகிப் போகும்.

கோபக்காரியின் கதை பாதியில் நிற்கிறது. மருந்தும், ஓயாமல் மெல்ல உலர்புல்லும், பகல் முழுவதும் வெளியில் ஒரு கிழட்டு ஆண் குதிரையின் துணையும் கிடைத்தன. சில வாரங்களில் புண் ஆறியதாக மருத்துவர் சொன்னார். ஆனால் வயிற்றுவாரைக் கையில் எடுத்தால் காது மடிவது உடனே நிற்கவில்லை. வலி போன பிறகும் வலியின் நினைவு இருந்தது. வாரைக் கொண்டுபோய்க் காட்டுவது, உடம்பில் பட வைப்பது, கட்டாமலே திரும்புவது என்று நாள்கணக்கில் செய்தேன். பிறகு ஓர் ஓட்டை, இரண்டு நாள் கழித்து இன்னோர் ஓட்டை. பல மாதங்கள் ஆயின.

குதிரை நின்றபடியே கண்ணயரும். கால் மூட்டுகளைப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு அதற்கு உண்டு. ஆனால் கனவு காணும் ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும், அதுவும் ஒரு நாளில் அரை மணி நேரமோ சற்றுக் கூடவோதான். படுத்த குதிரையால் சட்டென்று ஓட முடியாது. ஆகவே பாதுகாப்பு என்று தோன்றாத இடத்தில் அது படுக்காது. கோபக்காரி படுத்து நான் பார்த்ததே இல்லை. ஒரு நாள் விடியற்காலையில் வாளியோடு போனபோது அது மணலில் பக்கவாட்டில் நீட்டிப் படுத்திருந்தது. காலடி கேட்டதும் ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது. எழுந்துவிடும் என்று நினைத்தேன். எழவில்லை. கிழட்டுக் குதிரை பக்கத்தில் காவல் நின்றுகொண்டிருந்தது. பெருமை பெரும்பாலும் அதற்குத்தான் போக வேண்டும். சிறிது நேரத்தில் கோபக்காரியின் பின்காலும் மேலுதடும் துடிக்கத் தொடங்கின, கனவில் எங்கோ ஓடுவதுபோல. வாளியைக் கீழே வைத்தால் சத்தம் கேட்கும் என்று, கை கடுக்கும் வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.